சம்பந்தியின் இருமலுக்கு ஜப்பான் மருந்து

அன்புள்ள மச்சான் அய்யப்பனுக்கு,

சின்னசேலத்துப் பக்கத்திலிருந்து உன் அக்கா புருஷன் ஆதிமூலம் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா விஜயலட்சுமி, உன் அக்கா மகள் அபிநயா, கொட்டகையில் நிற்கும் எருமைகள், காட்டில் நிற்கும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு எல்லாரும் எல்லாமும் சுகம். அங்கே ஜப்பானில் நீயும் அந்த ஊர்க் குளிரும் ஒருத்தரை ஒருத்தர் அனுசரித்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. கம்பெனிக்காரன் சொல்கிறான் என்று பச்சை மீனைச் சாப்பிடாதே. சாப்பிட்டாலும் உன் அக்காவிடம் சொல்லாதே.

போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று நீ கேட்பாய். போனில் நான் பேச்சை ஆரம்பித்தால் உன் அக்கா நடுவிலேயே பிடுங்கிக்கொள்கிறாள். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் மழை பெய்ததா, முட்டி வலி எப்படி என்று முடித்து வைத்துவிடுகிறீர்கள். நன்றி சொல்கிற விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது. அது எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே உனக்கு அனுப்பும் ஜவ்வரிசி, மலைத்தேன் பார்சலுக்குள் இதையும் மடித்து வைக்கிறேன். உட்கார்ந்து, சிரிக்காமல் படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அபிநயாவின் கல்யாணம் முடிவாகிவிட்டது. அவள் விரும்பின அதே சுபாஷ்தான் மாப்பிள்ளை. அவனுடைய அப்பா, அந்த சுப்புராயன், சம்மதித்துவிட்டார். சம்மதிக்க வைத்தது என்னுடைய சாமர்த்தியம் என்று ஊரில் நாலு பேர் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதி, ஏன், பாதிக்கு மேலேயே, நீ அனுப்பிய வறுத்த டீத்தூளுக்குச் சேரும். அதற்குத்தான் இந்த நன்றி.

உன் பார்சல் வந்த அன்று நான் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். கொரியர்க்காரர் போன் செய்து, "ஜப்பான்ல இருந்து ஒரு பொட்டி வந்துக்குதுங்க, வண்டி பூரா வாசனை தூக்கிக்கினு இருக்குது, வந்து வாங்கிக்கினு போங்க" என்றார். சேறு படிந்த காலோடு ஓடினேன். பிரித்தால் ஒரு பாக்கெட்டில் சருகு சருகாய் இலை, மற்ற பாக்கெட்டுகளில் பழுப்பு நிறத்தில் நைசாக ஒரு பொடி. மேலே எழுதியிருப்பது பூராவும் ஜப்பான் எழுத்து. இது இன்னது என்று நீ போனில் சொன்னாய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாரிடம் சொன்னாய்? உன் அக்காவிடம். அவள் மிக்சியை ஓட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள். என்னிடம் வந்து சேர்ந்தது, "தம்பி ஏதோ வறுத்த பொடி அனுப்பிக்கிறான், ஒடம்புக்கு நல்லதாம்" என்பது மட்டும்தான்.

வறுத்தது, பழுப்பு நிறம், உடம்புக்கு நல்லது. கல்வராயன் மலை அடிவாரத்தில் பிறந்த எவனும் இதைக் கேட்டால் என்ன நினைப்பான்? கடுக்காய் என்றுதான் நினைப்பான். நானும் நினைத்தேன். "கடுக்காயைப் போய் எவனாச்சும் ஜப்பான்ல இருந்து அனுப்புவானா? நம்ம மலையிலதான் கொட்டிக் கெடக்குதே" என்று உன் அக்கா கேட்டாள். "ஜப்பான்காரன் சுத்தமா அரைப்பான்டி" என்று சொல்லி, பொடியைக் காலியாகக் கிடந்த நம் வீட்டுக் கடுக்காய் டப்பாவிலேயே கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு ஸ்பூன் பொடி, ஒரு டம்ளர் வெந்நீர். வாயில் போட்டால் கடுக்காயின் துவர்ப்பு கம்மியாக இருந்தது. கடலைச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குகிறபோது வருமே, அந்த வாசனை ஜாஸ்தியாக இருந்தது. நாக்குக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் எதிர்பார்த்த பலன் மட்டும் இல்லை. சரி, வெளிநாட்டுச் சரக்கு, நம் வயிற்றைப் பழகிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும் என்று இரண்டு ஸ்பூனாக ஏற்றினேன். பலனைக் கேட்காதே.

சனிக்கிழமை அபிநயா உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்தாள். பாங்க் வேலைக்குப் போனதிலிருந்து அவள் வாரத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருகிறாள். நான் சாயங்கால மருந்தை வாயில் போடும் நேரம் பார்த்து உள்ளே வந்தாள். டப்பாவை முகர்ந்தாள். காலிப் பாக்கெட்டைப் போனில் படம் பிடித்து எழுத்தைப் படிக்க வைத்தாள். அப்புறம் போட்டாளே ஒரு சத்தம்! "அப்பா! இது ஹோஜிச்சா! பச்சை டீயை வறுத்து அரைச்சது! எங்க தாய்மாமா ஆசை ஆசையா அனுப்பினா, நீ இத்த வயித்துக்கு முழுங்கிக்கினு இருக்கியா?" உன் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? பச்சையாக இருக்கிற டீயை எதற்கு வறுக்க வேண்டும்? வறுத்ததை எதற்கு அரைக்க வேண்டும்? அரைத்ததை எதற்கு என்னை நம்பி அனுப்ப வேண்டும்?

கோபம் தணிந்ததும், சரி, டீ என்றால் டீயாகவே குடித்துவிடுவோம் என்று பால், இஞ்சி, ஏலக்காய் எல்லாம் போட்டுக் கொதிக்க விட்டேன். அபிநயா ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். இதைக் கொதிக்க வைக்கக் கூடாதாம். வெந்நீரை ஊற்றி, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, வடிகட்டிவிட வேண்டுமாம். டீயையே கொதிக்க வைக்கக் கூடாது என்றால் அடுப்பு எதற்கு என்று கேட்டேன். இலையைப் போட்டு அவளே ஒரு டம்ளர் போட்டு நீட்டினாள். செம்பு நிறம். பால் இல்லை, சர்க்கரை இல்லை. இதை ஒரு மனுஷன் குடிப்பானா என்று திட்டிக்கொண்டே குடித்தேன். மச்சான், பொய் சொல்லக் கூடாது. தொண்டையில் இறங்கும்போதே என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இன்னொரு டம்ளர் கேட்டேன். மகள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்துப் பல நாளாகியிருந்தது.

ஏன் என்று உனக்கும் தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். சுபாஷ் உளுந்தூர்பேட்டையில் டிராக்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். லோன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு பாங்குக்குப் போகப் போக, இரண்டு பேருக்கும் பிடித்துப் போய்விட்டது. நம்ம சனம்தான், தூரத்து உறவுதான், என் பக்கம் ஒரு தடையும் இல்லை. தடை பண்ணினது பையனின் அப்பா, ரிஷிவந்தியம் சுப்புராயன். பெண்ணைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லையாம். "அவங்களே பாத்து அவங்களே பேசி முடிச்சிக்கினா, பெத்தவன்னு நான் இன்னாத்துக்கு இருக்கறேன்?" இதுதான் அவர் கேள்வி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் பங்காளிகள் நாலு பேர் முன்னாடி, "பொண்டாட்டி புள்ள தொல்லைக்காவ ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வருவேன். ஆனா அந்த வூட்ல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

நீ ஜப்பானுக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது, மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் சம்மதம் ஆகிற வரைக்கும் யாரும் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் கை நனைத்ததாக ஆகிவிடும். கை நனைத்துவிட்டால் அந்தச் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் மாற்றிப் பேசினால் ஊர் சிரிக்கும். ஆக, கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வருகிற மனுஷன், மாட்டேன் என்று சொல்லத்தான் வருகிறார்.

அபிநயாவோ இன்னொரு பக்கம் பிடிவாதம். "அவரு மனசார வான்னு சொன்னாத்தான் நான் அந்த வூட்டுக்குப் போவேன். இல்லன்னா போவ மாட்டேன். வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஓடிப் போகிற பிள்ளைகளைப் பெற்றவன் கஷ்டத்தைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஓடவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்கிற பிள்ளையைப் பெற்றவன் நான் ஒருத்தன்தான். ஒழுங்காகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்தான் உன் டீத்தூளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தாள். சுபாஷ் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான், சுப்புராயனுக்குத் தூக்கம் சரியாக வராததால் டாக்டர் காபியையும் டீயையும் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று. நீ சொன்னாயாமே, இதில் தூக்கத்தைக் கெடுக்கிற சமாச்சாரம் கம்மி என்று. "காபின்னாலும் வோணாம்பாரு, டீன்னாலும் வோணாம்பாரு. இது இன்னான்னே தெரியாதுல்ல? ஒரு வாய் வச்சிட மாட்டாரா?" என்றாள். இவ்வளவு பெரிய பாங்கில் வேலை பார்க்கிற பெண், ஒரு டம்ளர் வறுத்த இலையை நம்பி உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து நம் வீட்டில் நடந்ததைக் கேட்டால் நீ அந்தத் தூளை அனுப்பியதற்கு வருத்தப்படுவாய். லீவு போட்டுவிட்டு, போனில் ஜப்பான்காரி ஒருத்தி செய்து காட்டுகிறதைப் பார்த்துப் பார்த்து அபிநயா சமைத்தாள். முதலில் கடல்பாசி போட்டு ஒரு புட்டிங். அது தட்டில் இருந்து கீழே விழுந்து எகிறி மறுபடி தட்டுக்கே வந்தது. அடுத்தது உறையவே இல்லை, டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். குக்கரில் ஒரு கேக் வைத்தாள். மேலே பச்சை, கீழே கருகல், நடுவில் மட்டும் அமிர்தம். அந்த நடுவை நான் சாப்பிட்டேன், மற்றதை எருமை சாப்பிட்டது. எருமைப் பால் கெட்டியாக இருந்ததால் ஐஸ்கிரீம் மட்டும் முதல் தடவையே நன்றாக அமைந்தது. பொடியைக் குழைத்துப் பாலில் விட்டு, நம் காட்டுக் கிழங்கில் வந்த ஜவ்வரிசியை வேகவைத்துப் போட்டு ஒரு சர்பத்தும் செய்தாள். இதை எல்லாம் ருசி பார்க்கிற உத்தியோகம் எனக்கு. காலையில் புட்டிங், மத்தியானம் ஐஸ்கிரீம், சாயங்காலம் சர்பத். "அந்த மனுசன் வர்றதுக்குள்ள இந்த மனுசன் ஊதிப் போயிடுவாரு" என்று உன் அக்கா சொன்னாள். சட்டை பொத்தான் போடும்போது எனக்கும் தெரிந்தது.

அவர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஐஸ்கிரீம் உருகிப் பால் ஆகிவிட்டது. புட்டிங் பாதி உறைந்து பாதி தளதளத்தது. அபிநயா பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, ஆனால் மூக்கு சிவந்துவிட்டது. "விடுடி, உருகினா இன்னா? வாய்க்குள்ள போனா எல்லாம் உருகத்தானே போவுது" என்றேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

காரிலிருந்து சுப்புராயன் இறங்கினார். அவர் சம்சாரம் தங்கமணி அம்மா இறங்கினார்கள். சுபாஷ் இறங்கினான், பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவன் முகத்தோடு. கடைசியாக சின்னராசு என்று ஒருத்தர் இறங்கினார். சுப்புராயனுக்குப் பங்காளி. முறை தவறாமல் பார்த்துக்கொள்ளவே கூட்டி வந்திருந்தார்கள் போல. உட்கார்ந்த உடனே உன் அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். சின்னராசு கையை நீட்டித் தடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க, முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. தண்ணி கூட வோணாம். பொண்ணப் பாத்துட்டுக் கெளம்பிடுவோம்." எனக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம். வெளியே கொளுத்துகிற வெயில், வந்தவர்களுக்குத் தண்ணீர் கூடக் கொடுக்காமல் உட்கார வைத்திருப்பதற்கு இது வீடா, பஸ் ஸ்டாண்டா? ஆனால் பெண்ணைப் பெற்றவன், வாயை மூடிக்கொண்டேன்.

சுப்புராயன் மேலே சுற்றாத பேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று இரும ஆரம்பித்தார். சாதாரண இருமல் இல்லை, காரின் கண்ணாடியே அதிர்ந்திருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். தங்கமணி அம்மா பதறிப்போய், "காலையில இருந்தே இப்டிதான் இருமிக்கினு இருக்காரு. வெந்நியில ஏதாச்சும் மருந்து மாதிரி இருந்தா குடுங்களேன்" என்றார்கள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு உதித்தது பார் ஒரு யோசனை! எழுந்து நின்று, "இருக்குதுங்க! கல்வராயன் மல மருந்து. வறுத்த கடுக்கா!" என்றேன். உள்ளே ஓடிக் கடுக்காய் டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். மேலே உன் அக்கா கையெழுத்தில் கடுக்காய் என்றே எழுதியிருந்தது. சின்னராசு அதை வாங்கி, செக்போஸ்டில் வண்டி காகிதம் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மருந்துன்னா கணக்குல வராது. கசாயம் குடிச்சா கை நனைச்சதா ஆவாது. குடிக்கலாம்" என்று தீர்ப்பு சொன்னார். அபிநயா உள்ளே வெந்நீரில் கலந்து ஒரு டம்ளர் கொடுத்து அனுப்பினாள்.

சுப்புராயன் முதலில் டம்ளரில் வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஒரு வாய் போனது. நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அப்புறம் டம்ளரை உதட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக மொத்தத்தையும் குடித்தார். இருமல் போன இடம் தெரியவில்லை. இருமல் நின்றுவிட்டால் மருந்தும் நின்றுவிடுமே? ஆனால் கடவுள் இருக்கிறார். டம்ளர் காலியானதும் இருமல் திரும்பி வந்துவிட்டது. எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"வெறும் வெந்நியில குடிச்சா பாதி வேலதாங்க செய்யும். பாலும் தேனும் சேத்துக் குடுக்கணும்" என்றேன். சித்த வைத்தியர் மருந்தைத் தேனில் குழை, பாலில் குழை என்று சொல்வதில்லையா, அந்தக் கணக்கு. அபிநயா உருகின ஐஸ்கிரீமைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, உன் தூளைத் தூவி, மலைத்தேன் விட்டு அனுப்பினாள். சின்னராசு டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னு இருக்குது. இருமலுக்கா சில்லுன்னு குடுக்கறீங்க?" "இது உஷ்ண இருமலுங்க" என்றேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயில் எங்கிருந்து வந்தது என்று இன்னமும் எனக்குத் தெரியாது. சுப்புராயன், "ஆமா, எனக்கு ஒடம்பு சூடுதான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

அடுத்தது புட்டிங். தளதளவென்று இருந்ததால் லேகியம் என்று சொல்ல எனக்குக் கூசவில்லை. சின்னராசு, "லேகியம்னா விரல்ல எடுப்பாங்க. இவரு ஸ்பூன்ல எடுக்கட்டும், கை நனையாது" என்று புதுச் சட்டம் போட்டார். சுப்புராயன் சாப்பிடுகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் செருமி, "எனக்கும் ரெண்டு நாளா லேசா இருக்குது" என்றார். அவருக்கும் ஒரு கிண்ணம் போனது. சுபாஷ் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

கடைசியாக ஜவ்வரிசி போட்ட சர்பத். உயரமான டம்ளர். சுப்புராயன் பாலைக் குடித்துவிட்டார், ஆனால் ஜவ்வரிசி அடியில் ஒட்டிக்கொண்டது. ஸ்பூன் எட்டவில்லை. தட்டிப் பார்த்தார், வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தார், வரவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தார். ஒரு நிமிஷம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரலை உள்ளே விட்டு, வழித்து, வாயில் வைத்தார்.

சின்னராசு என்னவோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார், வாய் பூரா புட்டிங். உன் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அபிநயா அறையில் இருந்து வெளியே வந்தாள். வந்து கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா, அது மருந்து இல்லீங்க. கடுக்காயும் இல்ல. ஜப்பான்ல இருந்து எங்க தாய்மாமா அனுப்பின டீ. அப்பா பொய் சொல்லிட்டாரு. பொய்யில உங்க கை நனைய வோணாம். நீங்க வோணாம்னாலும் நான் கோவிச்சிக்க மாட்டேன்."

மச்சான், இத்தனை பாடு பட்டுக் கரை சேர்க்கிற நேரத்தில் இந்தப் பெண் படகில் ஓட்டை போட்டுவிட்டதே என்று தலையில் கை வைத்தேன். அதே சமயத்தில், பயந்துகொண்டே நிஜத்தைச் சொல்லி நிற்கிற அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது. என் மகள் என்னைப் போல இல்லை, நல்லவேளை.

சுப்புராயன் டம்ளரைக் கீழே வைத்தார். "இருமல் நின்னுச்சா, இல்லியா?" என்று கேட்டார். "நின்னுச்சுங்க மாமா" என்றாள். "அப்ப மருந்துதான்" என்றார். அப்புறம் ஈரக் கையை உயர்த்தி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கை நனைஞ்சிடுச்சு. கழுவத் தண்ணி குடுங்க, சம்பந்தி."

சம்பந்தி என்றார், மச்சான். என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சொம்பை எடுத்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன். பாதித் தண்ணீர் அவர் வேட்டியில் போனது. நான் அழுதேன் என்று உன் அக்கா சொல்கிறாள். அழுதேன்தான். தங்கமணி அம்மா அபிநயாவைக் கட்டிக்கொண்டார்கள். சின்னராசு இன்னொரு கிண்ணம் லேகியம் கேட்டார். உன் அக்கா அப்போதே இலை போட்டு எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறினாள். எப்படித்தான் அவ்வளவு பேருக்கும் காலையிலேயே சமைத்து வைத்தாளோ தெரியவில்லை. கேட்டால் நம்பிக்கை என்கிறாள்.

தை மாதம் கல்யாணம். இப்போது உன் விஷயம். லீவு கிடைக்காது என்று நீ அக்காவிடம் வருத்தப்பட்டாயாம். வருத்தப்படாதே. நான் கோபித்துக்கொள்ளவே இல்லை. போய்விட்டு வருகிற செலவும் அலைச்சலும் எனக்குத் தெரியாதா? பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்க, உன் பெரியப்பா மகன் ஜெயப்பிரகாஷை நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். தாய்மாமன் செய்ய வேண்டிய காரியத்தை உன் டீத்தூளே செய்துவிட்டது. இதற்கு மேல் நீ வந்து என்ன செய்யப் போகிறாய்? நீ அங்கேயே நிம்மதியாக இரு. தூள் மட்டும் இன்னும் கொஞ்சம் அனுப்பு. பந்தியில் ஜவ்வரிசி சர்பத் போட வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் ஆசைப்படுகிறார்கள்.

உன் உபகாரத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். என் மகள் மறுபடியும் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், என்னைத் திட்டுகிறாள். அது போதும் எனக்கு. நீ நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நல்ல பெண்ணாகக் கிடைத்து, நூறு வயசு இருக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் கேட்டுக்கொள்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
உன் மேல் பிரியமுள்ள மாமா,
ஆதிமூலம்

பி.கு.: கடுதாசியை மடித்துப் பார்சலுக்குள் வைக்கிற நேரத்தில் சம்பந்தி போன் செய்தார். "உங்க மச்சானுக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன், கஷ்டப்பட்டு வர வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன் என்றேன். "யாரக் கேட்டு எழுதினீங்க?" என்று ஒரு அதட்டல் போட்டார் பார், போன் கையில் இருந்து நழுவியது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எனக்கு இருமலும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி. பங்காளிங்க முன்னாடி கோவத்துல வாய் விட்டுட்டேன். அப்புறம் எப்டி எறங்குறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருந்தேன். நாங்க வர்றதுக்கு முன்னாடி ஜப்பான்ல இருந்து உங்க மச்சான் போன் பண்ணாரு. 'பொண்ணுக்குத் தாய்மாமன் பேசறேங்க. நான் நேர்ல வந்து உங்க கையப் புடிச்சிக் கேக்கணும், வர முடியல. எனக்குப் பதிலா ஒரு டீ வந்துக்குது, ஒரு வாய் குடிச்சிடுங்க. யாராச்சும் முறை கிறைன்னு தடுத்தா இருமிடுங்க, மருந்துன்னு சொல்லிக்கலாம்'னாரு. கேக்கறப்பவே அவரு கொரலு ஒடைஞ்சிடுச்சு. அந்தக் கொரலுக்குத்தான் நான் கை நனைச்சேன், உங்க கடுக்காய்க்கு இல்ல. அவரு பந்தல்ல வந்து நிக்கலன்னா நான் நனைச்ச கை நனைச்சதா ஆவாதுன்னு சொல்லிடுங்க."

உன் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடப்பாவி, தெரியாதவர்கள் நானும் அபிநயாவும் சின்னராசுவும்தானா? என் சாமர்த்தியம் என்று மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. நீ வர வேண்டாம் என்று எழுதினதை இரண்டு தடவை அடி. ஜெயப்பிரகாஷிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் மகளாட்டம் வளர்ந்த பெண்ணுக்கு நீதான் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். உன்னைப் பார்த்தாக வேண்டும் போல எனக்கும் இருக்கிறது. இன்றைக்கே போய் லீவு கேள். கம்பெனிக்காரன் தர மாட்டேன் என்றால், இருமு.